அமெரிக்கக் கல்லூரியில் நிதியுதவி எவ்வளவு கிடைக்கும்? விண்ணப்பிக்கும் முன்பே கணக்குப் போடும் முறை

பிளஸ் டூ முடித்துவிட்டு அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்க விரும்பும் மாணவர்களுக்கும், பணம் கட்டப்போகும் அவர்களுடைய பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி. எம்.எஸ்., பிஎச்.டி. போகிறவர்களுக்கு உதவி வரும் வழி வேறு. அது இங்கே இல்லை.

என் மகளுக்காக இந்த வேலையை முதன்முதலில் செய்தேன். அப்புறம் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குக் கூட உட்கார்ந்து செய்து கொடுத்தேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் கல்லூரிப் பட்டியல் போடுகிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள், விண்ணப்பக் கட்டணம் கட்டுகிறார்கள். மார்ச் மாதம் அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகு "பணத்துக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். அதற்குள் உதவி கேட்கும் வாய்ப்பு பல கல்லூரிகளில் முடிந்துபோயிருக்கும். கணக்கு முதலில், பட்டியல் கடைசியில். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். பதினோராம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கினால் அவசரம் இல்லாமல் முடிக்கலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அப்பா, அம்மா இருவரின் கடைசி இரண்டு வருட வருமான வரிக் கணக்கு. ஒரு பக்க ஒப்புகைச் சீட்டு போதாது, முழுப் படிவமும் வேண்டும். சம்பளக்காரர் என்றால் ஃபார்ம் 16. தொழில் செய்பவர் என்றால் ஆடிட்டர் தயாரித்த வரவு செலவும் ஆஸ்தி பொறுப்பு அறிக்கையும். வங்கி இருப்பு, வைப்புநிதி, பி.எஃப்., வீட்டுக் கடன் நிலுவை, மாதத் தவணை, சொத்துப் பத்திரங்கள்.

இரண்டு வருடக் கணக்கு எதற்கு என்றால், உதவிப் படிவங்கள் பொதுவாகச் சேரும் ஆண்டுக்கு இரண்டு வருடம் முந்தைய வருமானத்தைக் கேட்கும். அவர்களுடைய ஆண்டு ஜனவரியில் தொடங்கும், நம்முடையது ஏப்ரலில். எந்த நிதியாண்டைக் கொடுப்பது என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். இரண்டையும் வைத்திருந்தால் பின்னால் ஓட வேண்டியதில்லை.

தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழை மட்டும் நம்பி இறங்காதீர்கள். என்றோ ஒரு அரசுத் திட்டத்துக்காக வாங்கிய சான்றிதழில் 72,000 என்று இருக்கும், வரிக் கணக்கில் ஒன்பது லட்சம் இருக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் அனுப்பினால் உதவி அலுவலகம் எதையுமே நம்பாது.

1. குடும்பத்தால் வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும்?

ஃபாஃப்சா என்னும் அமெரிக்க அரசு உதவிப் படிவம் உங்களுக்கானது இல்லை. எஃப்-1 என்னும் படிப்பு விசாவில் போகும் மாணவருக்கு அமெரிக்க மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ கிடையாது. ஆகவே வருவதெல்லாம் கல்லூரியின் சொந்தப் பணம், அல்லது வெளி அறக்கட்டளைப் பணம். கல்லூரி எவ்வளவு தரும் என்று பார்ப்பதற்கு முன் உங்கள் பக்கத்துத் தொகை தெரிய வேண்டும். அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக மாதம் 35,000 மிச்சம், வருடத்துக்கு 4.2 லட்சம். பிள்ளைக்கு இப்போது கட்டும் பள்ளி, பயிற்சி வகுப்புக் கட்டணம் 1.8 லட்சம் இனி இருக்காது. வீட்டில் பிள்ளைக்கு ஆகும் சாப்பாடு, பேருந்து, துணிமணி வருடத்துக்கு ஒரு லட்சம் என்று வையுங்கள், அதுவும் மிச்சம். படிப்புக்கென்று ஒதுக்கிய வைப்புநிதி 16 லட்சம், நான்கால் வகுத்தால் 4 லட்சம். மொத்தம் வருடத்துக்கு 11 லட்சம். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12,000 டாலர்.

கடனை இந்தத் தொகையில் சேர்க்காதீர்கள். தனி வரியில் எழுதுங்கள். சேர்த்துவிட்டால் "எங்களால் இவ்வளவு முடியும்" என்ற எண் ஊதிப்போய்விடும், கல்லூரியும் அதையே பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் பெற்றோர் இருவரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார வேண்டும். பல வீடுகளில் அப்பாவுக்கு மட்டும்தான் கடன் விவரம் தெரியும். தங்கைக்கு ஒதுக்கி வைத்தது, தாத்தாவின் மருத்துவச் செலவு, தம்பியின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசி, தொட முடியாத பணம் எது என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். மார்ச் மாதத்தில் பிள்ளையிடம் "முடியாதுப்பா" என்று சொல்வதைவிட ஜூன் மாதத்தில் சொல்வது பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது.

2. செலவின் முழுத் தொகையை எடுங்கள்

கல்லூரியின் இணையதளத்தில் "காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ்" என்று ஒரு பக்கம் இருக்கும். கல்விக் கட்டணம், இதரக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், கைச்செலவு எல்லாம் சேர்ந்த தொகை அது. பெரிய தனியார் கல்லூரிகளில் இப்போது 85,000, 90,000 டாலரைத் தாண்டுகிறது. கல்விக் கட்டணத்தை மட்டும் எடுத்து எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இருபதாயிரம் டாலரை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தில் இல்லாத செலவுகளையும் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். மாணவர் மருத்துவக் காப்பீடு வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் வரும், பல கல்லூரிகளில் கட்டாயம். விமானச் செலவைச் சில கல்லூரிகள் சேர்க்கும், சில சேர்க்காது. வெளிநாட்டு மாணவர் பதிவுக்காக விசாவுக்கு முன் கட்டும் செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். குளிர் அதிகமான மாநிலம் என்றால் முதல் வருடம் கோட்டும் காலணியும் வாங்கியே ஆக வேண்டும். விடுமுறையில் விடுதியை மூடும் கல்லூரியா என்றும் கேளுங்கள். டிசம்பரில் மூன்று வாரம் வெளியே தங்க நேர்ந்தால் அது தனிச் செலவு.

3. கல்லூரி எந்த வகை என்று பிரியுங்கள்

முழு வேலையிலும் இதுதான் முக்கியமான படி. கல்லூரியின் தரவரிசையோ பெயரோ இங்கே உதவாது. வெளிநாட்டு மாணவரிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்து நான்கு குவியல்.

முதல் குவியல், "நீட் பிளைண்ட்" கல்லூரிகள். இங்கே நீட் என்பது நம் ஊர் நுழைவுத்தேர்வு இல்லை, தேவை என்று பொருள். நீங்கள் உதவி கேட்டீர்களா என்பதைப் பார்க்காமலே அனுமதியை முடிவு செய்வார்கள், எடுத்துக்கொண்டால் தேவைப்படும் தொகை முழுவதையும், அதாவது செலவில் குடும்பத்தால் கட்ட முடியாத பங்கு என்று அவர்கள் கணக்கிடுவதை, கொடுப்பார்கள். வெளிநாட்டு மாணவருக்கும் இதே விதியை வைத்திருப்பவை மிகச் சில: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட். 2022-இல் டார்ட்மவுத்தும் போடனும் சேர்ந்தன. பிரவுன் 2025-இல் சேரும் மாணவரிலிருந்து தொடங்கியது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2025-26 கல்வியாண்டு முதல், வருடம் ஒரு லட்சம் டாலருக்குள் வருமானமும் அதற்கேற்ற அளவில் சொத்தும் உள்ள குடும்பத்திடம் பணமே எதிர்பார்ப்பதில்லை என்று அறிவித்துள்ளன. நம் ஊர் சம்பளக் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்கு வெகு கீழே. ஆனால் எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு விண்ணப்பதாரரில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. உதவி உறுதி, இடம் உறுதி இல்லை. பட்டியலில் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளலாம், பட்டியலே இதுவாக இருக்கக் கூடாது.

இரண்டாவது குவியல், "நீட் அவேர்", அதாவது உதவி கேட்டீர்களா என்று பார்த்து அனுமதிக்கும் கல்லூரிகள், ஆனால் எடுத்தால் முழுத் தேவையையும் தருபவை. ஸ்டான்ஃபோர்ட், ஸ்வார்த்மோர், வாசர் போன்றவை. இங்கே நீங்கள் கேட்கும் தொகை அனுமதியையே பாதிக்கும். வருடம் 80,000 டாலர் தேவைப்படும் மாணவரும் 30,000 தேவைப்படும் மாணவரும் ஒரே தராசில் நிற்பதில்லை.

மூன்றாவது, தேவையைப் பார்க்காமல் மதிப்பெண்ணுக்கும் திறமைக்கும் தொகை தருபவை. "மெரிட் ஸ்காலர்ஷிப்" என்று நாம் சொல்வது இதைத்தான். தனியார் கல்லூரிகளும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் இதில் கலந்திருக்கும்.

நான்காவது, வெளிநாட்டு மாணவருக்கு அநேகமாக எதுவும் தராதவை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் தேவை அடிப்படையிலான உதவியை எதிர்பார்த்துக் கணக்குப் போடவே கூடாது. அருமையான இடங்கள்தான். முழுப் பணமும் கட்ட முடிந்தவருக்கு.

"நூறு சதவீதத் தேவையையும் பூர்த்தி செய்கிறோம்" என்று பக்கத்தின் மேலே பெரிதாக எழுதியிருந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். அந்த வாக்கியம் பல இடங்களில் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். "இண்டர்நேஷனல் அப்ளிகண்ட்ஸ்" என்ற தனிப் பக்கத்தைத் தேடிப்பிடித்து, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் மூன்று வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: வெளிநாட்டு மாணவருக்குத் தேவை அடிப்படையில் உதவி உண்டா, உதவி கேட்பது அனுமதியைப் பாதிக்குமா, முழுத் தேவையும் கிடைக்குமா. பெரும்பாலும் பதில் வரும்.

4. நெட் பிரைஸ் கால்குலேட்டர்: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

குடும்ப வருமானத்தையும் சொத்தையும் கொடுத்தால், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று தோராயமாகச் சொல்வது நெட் பிரைஸ் கால்குலேட்டர். அரசு உதவி பெறும் எல்லாக் கல்லூரிகளும் 2011 அக்டோபர் முதல் இந்தக் கால்குலேட்டரை இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அது அமெரிக்கக் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்தது. முதல் கேள்வியிலேயே குடியுரிமை கேட்டு, வெளிநாட்டவர் என்றதும் நின்றுவிடும் கால்குலேட்டரும் உண்டு. நிற்காமல் ஓடும், ஆனால் விடையில் அரசு உதவியையும் மாநில உதவியையும் கூட்டிக் காட்டும் கால்குலேட்டரும் உண்டு. பின்னதுதான் ஆபத்து, அந்தத் தொகை உங்களுக்கு வரவே வராது.

முதல் குவியல் கல்லூரிகளில் உள்நாட்டு மாணவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் கொள்கை ஒன்று என்பதால் விடை ஓரளவு பொருந்தும். இரண்டாவது குவியலில் ஒரு திசை காட்டும், அவ்வளவுதான். மூன்றாவது, நான்காவது குவியல்களுக்கு இதைத் திறக்கவே வேண்டாம்.

ஈரோட்டில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. பையன் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தான், அவன் அப்பா ஃபார்ம் 16-ஐப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விடை வந்தது: உதவி பூஜ்யம். "ஏம்ப்பா, நம்ம வருமானத்துக்கு இப்படித்தான் வருமா?" என்று அவர் சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். திரையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். வருமானப் பெட்டியில் 14,00,000. பெட்டியின் இடது ஓரத்தில் சின்னதாக டாலர் குறி. பதினான்கு லட்சம் ரூபாய் பதினான்கு லட்சம் டாலராகிப் போயிருந்தது. 15,500 என்று மாற்றிப் போட்டோம், அதே கல்லூரி கிட்டத்தட்ட முழுச் செலவையும் ஏற்பதாகக் காட்டியது. அந்தப் பையன் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடிக்க இருந்தான்.

ஆக, கால்குலேட்டரில் டாலர். ஆனால் பின்னால் நிரப்பப்போகும் சி.எஸ்.எஸ். புரொஃபைலில், அதாவது பல கல்லூரிகள் உதவிக்காகக் கேட்கும் குடும்ப நிதி விவரப் படிவத்தில், ரூபாய். இரண்டையும் குழப்பாமல் இருக்க, தாளில் இரண்டு பத்தி போட்டு ஒவ்வொரு எண்ணையும் இரண்டு நாணயத்திலும் எழுதி வைத்துவிடுங்கள்.

5. காமன் டேட்டா செட்டைத் திறந்து பாருங்கள்

இதைச் சொன்னால் பலரும் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகள் வருடந்தோறும் ஒரே அமைப்பில் ஒரு புள்ளிவிவர ஆவணம் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். அதில் இரண்டு இடம் போதும்.

ஒன்று, எச்6 பகுதி. வெளிநாட்டு இளநிலை மாணவரில் எத்தனை பேருக்குக் கல்லூரி உதவி கொடுத்தது, சராசரி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று இருக்கும். இன்னொன்று, பி2 பகுதி. மொத்தம் எத்தனை வெளிநாட்டு மாணவர் படிக்கிறார்கள் என்று இருக்கும், "நான்ரெசிடென்ட்" என்ற வரியில் பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள்.

இரண்டு கல்லூரிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கல்லூரியில் 200 வெளிநாட்டு மாணவர், அவர்களில் 150 பேருக்கு உதவி, சராசரி 62,000 டாலர். இது நிஜமாகவே கொடுக்கும் கல்லூரி. இரண்டாவதில் 800 பேர், உதவி பெறுபவர் 90, சராசரி 55,000. சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டாவது, ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் கொடுக்கிறது. மற்றவர்கள் முழுப் பணம் கட்டுகிறார்கள். முக்கால்வாசிப் பேருக்கு உதவி, ஆனால் சராசரி 15,000 என்று இருந்தால் அது மெரிட் தள்ளுபடி தரும் இடம்.

இனி செலவிலிருந்து சராசரி உதவியைக் கழியுங்கள். 90,000-இல் 62,000 போனால் 28,000. உங்கள் தொகை 12,000. சராசரி என்பதால் உங்களைவிட வசதியானவர்களும் அதில் இருக்கிறார்கள், முழுத் தேவையும் தரும் கல்லூரி என்றால் உங்களுக்கு அதிகமாகவே வரும். முழுத் தேவையும் தராத கல்லூரி என்றால் இந்த 16,000 டாலர் இடைவெளி அப்படியே உங்கள் தலையில் விழும். ஒரு வருடத்து எண் தற்செயலாக இருக்கலாம், மூன்று வருட ஆவணங்களைப் பார்த்துவிடுங்கள்.

விளம்பரப் புத்தகத்தில் எழுதுவதைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் சொல்கிறது. ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்று எல்லோரையும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

6. மெரிட் தொகையை நான்கு வருடத்துக்கு நீட்டிப் பாருங்கள்

மெரிட் தொகை பொதுவாக நிலையானது. முதல் வருடம் 25,000 டாலர் என்றால் நான்காம் வருடமும் 25,000. செலவு அப்படி நிற்காது.

முழுச் செலவு 60,000, மெரிட் 25,000 என்று வைப்போம். முதல் வருடம் நீங்கள் கட்டுவது 35,000. கட்டணம் வருடத்துக்கு 4 சதவீதம் ஏறினால் அடுத்தடுத்த வருடங்கள் 37,400, 39,896, 42,492. நான்கு வருடக் கூட்டுத்தொகை 1,54,788 டாலர். நாலு முப்பத்தைந்து ஒன்று நாற்பது என்று வாய்க்கணக்குப் போட்டவருக்கு 14,788 டாலர், அதாவது சுமார் 13 லட்சம் ரூபாய் துண்டு விழும்.

ரூபாயும் சும்மா இருக்காது. 2015-இல் ஒரு டாலர் ஏறக்குறைய 64 ரூபாய், 2025 டிசம்பரில் 90-ஐத் தொட்டது. நான்கு வருடக் கணக்கில் ரூபாய் வருடத்துக்கு மூன்று நான்கு சதவீதம் சரியும் என்று வைத்துப் போடுங்கள். சரியாமல் நின்றால் மிச்சம்.

தொகையைத் தக்கவைக்க எவ்வளவு ஜி.பி.ஏ. (நான்குக்குப் போடும் சராசரி மதிப்பெண்) வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். முதல் பருவத்தில் மொழி, குளிர், தனிமை எல்லாம் சேர்ந்து நல்ல மாணவருக்கும் மதிப்பெண் இறங்கும். 3.5-க்குக் கீழே போனால் தொகை நின்றுவிடும் என்ற நிபந்தனையும், 2.5 போதும் என்ற நிபந்தனையும் ஒன்றில்லை.

7. இப்போது பட்டியல்

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு வரி: வகை, முழுச் செலவு, எதிர்பார்க்கும் உதவி, மிச்சம், உங்கள் தொகை, இடைவெளி. இடைவெளி நான்கு வருடத்துக்கும் கடனால் நிரப்பக்கூடியதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரியை அடியுங்கள், கல்லூரி எவ்வளவு பிடித்திருந்தாலும்.

பகுதிநேர வேலைச் சம்பளத்தை வைத்து இடைவெளியை மூடாதீர்கள். எஃப்-1 மாணவர் பாடம் நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். அந்தப் பணம் கைச்செலவுக்கும் புத்தகத்துக்கும் சரியாகப் போகும். வளாக வேலை கிடைப்பதும் உறுதியில்லை.

ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் "எர்லி டிசிஷன்" என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கிடைத்தால் போயே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். தரும் உதவி நிஜமாகவே போதவில்லை என்றால் விடுவித்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் வேறு கல்லூரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி போய்விடும். முழுத் தேவையும் தரும் கல்லூரி, கணக்கும் பொருந்துகிறது என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

8. படிவம் நிரப்பும்போது

முதலில் அந்தச் சின்னக் கேள்வி. விண்ணப்பத்தில், தேவை அடிப்படையிலான உதவி கேட்கப் போகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். "இல்லை என்று போட்டால் இடம் கிடைக்கும், சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு வருடமும் கேட்க முடியாது. வேறு பல கல்லூரிகளிலும் இதே விதிதான்.

சி.எஸ்.எஸ். புரொஃபைல் அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. எட்டுக் கல்லூரிக்கு 137 டாலர், கிட்டத்தட்ட 12,300 ரூபாய். ஏழாம் படியில் வரிகளை அடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டணம் கட்ட முடியவில்லை என்றால் கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள். சில கல்லூரிகள் விலக்குக் குறியீடு தரும், சில கட்டணமில்லாத வேறு படிவத்தை ஏற்கும்.

நாணயம் இந்திய ரூபாய் என்று தேர்ந்தெடுத்துவிட்டு எண்ணைக் கமா இல்லாமல் தட்டுங்கள். 1250000 என்று தட்டிய பிறகு வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள், பன்னிரண்டரை லட்சமா என்று. ஒரு பூஜ்யம் கூடினால் நீங்கள் கோடீஸ்வரர்.

அடிக்கடி தவறும் இடங்கள்:

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் எழுதாமல் விடுகிறார்கள். வரி இல்லாத வருமானத்துக்கென்றே படிவத்தில் தனிக் கேள்வி இருக்கிறது, அங்கே எழுதுங்கள். நிலத்தின் மதிப்பு இன்றைய மதிப்பாக இருக்க வேண்டும். பத்திரத்தில் இருபது வருடம் முன் போட்ட தொகை உதவாது. தாத்தா உயிரோடு இருந்து நிலம் அவருக்கே சொந்தம் என்றால் அது உங்கள் பெற்றோரின் சொத்து இல்லை. கூட்டுப் பட்டா என்றால் அவர்கள் பங்கு மட்டும்.

பிள்ளை பெயரில் பெரிய வைப்புநிதி வைத்திருப்பது இன்னொன்று. புரொஃபைலைப் பயன்படுத்தும் கல்லூரிகளின் வழக்கமான முறையில், மாணவர் பெயரில் உள்ள சேமிப்பில் கால் பங்கு வரை ஒவ்வொரு வருடமும் எதிர்பார்க்கப்படும். பெற்றோர் பெயரில் இருந்தால் சதவீதக் கணக்கில் ஒற்றை இலக்கம்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கடைசி நேரத்தில் மாற்றி மறைப்பது நல்லதல்ல, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

சிறப்புச் சூழ்நிலை எழுதும் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். கூட்டுக் குடும்பம், தாத்தா பாட்டியின் மருந்துச் செலவு, அத்தை திருமணத்துக்கு வாங்கிய கடன், மழை பொய்த்த வருடம், இதெல்லாம் அமெரிக்கப் படிவத்தின் கட்டங்களில் அடங்காது. அங்கே உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு நம் வீட்டு ஏற்பாடு தெரியாது. "அப்பா வழித் தாத்தா பாட்டி எங்களோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, மாதம் 9,000 ரூபாய் மருந்துக்குப் போகிறது" என்று எண்ணோடு நான்கு வரி எழுதுங்கள். அனுதாபம் தேடி எழுத வேண்டாம், எண் போதும். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைத்துவிடுங்கள்.

9. உதவிக் கடிதம் வந்ததும்

கடிதத்தில் உள்ள மொத்தத் தொகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கிராண்ட், ஸ்காலர்ஷிப் இரண்டும் திருப்பித் தர வேண்டாதவை. கடன் திருப்பித் தர வேண்டியது. வளாக வேலை என்று போட்டிருந்தால் அது நீங்கள் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது, பருவத் தொடக்கத்தில் கட்ட வேண்டிய பில்லில் அது கழியாது. முழுச் செலவிலிருந்து முதல் இரண்டை மட்டும் கழியுங்கள். மீதிதான் உங்கள் விலை.

இப்போது வரி. உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் பங்குக்கு அமெரிக்காவில் வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பங்குக்கு உண்டு. எஃப்-1 மாணவரிடம் கல்லூரி 14 சதவீதம் பிடிக்கும். 15,000 டாலர் என்றால் 2,100 டாலர், மாணவர் கணக்கில் பில்லாக வந்து நிற்கும். இதை எதிர்பார்க்காத குடும்பம் பதறிப்போகும். ஆனால் இந்திய மாணவருக்கு ஒரு வசதி இருக்கிறது: இந்தியா அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி அவர்கள் நிலையான கழிவைப் (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) பெறலாம், 2024 வரியாண்டில் அது 14,600 டாலர். அடுத்த வருடம் 1040-என்.ஆர். என்னும் அமெரிக்க வரிப் படிவம் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதி திரும்பி வரும். தாக்கல் செய்யாதவருக்கு வராது. முதல் வருடம் மட்டும் அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

இங்கிருந்து பணம் அனுப்பும்போதும் ஒரு பிடித்தம் உண்டு. சொந்தப் பணத்திலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் வங்கி டி.சி.எஸ். என்னும் முன்வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கியிருக்கும். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் இந்தப் பிடித்தம் இல்லை.

தொகை போதவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கலாம். புதிய தகவல் இருக்க வேண்டும்: வேலை போனது, தொழில் நட்டம், எதிர்பாராத அறுவை சிகிச்சை, அல்லது அதே வகைக் கல்லூரி ஒன்று தந்த கூடுதல் தொகையின் கடிதம். ஆவணத்தோடு ஒரு பக்கக் கடிதம், மரியாதையான தொனியில், உங்களுக்கு எவ்வளவு குறைகிறது என்ற துல்லியமான எண்ணோடு. "கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்" என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. "எங்களால் 12,000 முடியும், நீங்கள் கேட்பது 17,500, குறைவது 5,500" என்று எழுதினால் மேசையில் வைத்துப் பேச ஒரு எண் இருக்கிறது.

இடத்தை உறுதிசெய்ய வழக்கமான கடைசி நாள் மே 1. அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே மறுபரிசீலனைக் கடிதம் போயிருக்க வேண்டும். இடம் உறுதியான பிறகு, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு முதல் வருடச் செலவுக்கான நிதி ஆதாரம் கேட்பார்கள். முதல் படியில் எழுதிய தாளில் உள்ள அதே கணக்குகளின் வங்கிச் சான்றை அனுப்புங்கள். புரொஃபைலில் காட்டாத ஒரு கணக்கு இங்கே திடீரென்று முளைத்தால், கொடுத்த உதவியையே மறுபடி பரிசீலிப்பார்கள்.